பதினான்காம் லூயியின் ஆரஞ்சு மரங்கள்: விடையில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் வரலாற்றுப் புதிரில், ‘மரங்களைப் பெட்டியில் வைத்து வளர்த்த அரசர் யார்? என்ன மரம்?’ என்று கேட்டிருந்தீர்கள். பிரான்சின் பதினான்காம் லூயி, ஆரஞ்சு மரம் என்று மறுவாரம் விடை வந்தது. இரண்டும் சரி. ஆனால் கூடவே, ‘கண்ணாடி மாளிகை கட்டி, பனிக்காலம் முழுவதும் கணப்பு மூட்டி மரங்களைக் காத்தார்’ என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி தவறு. அவர் மரங்களைப் பனிக்காலத்தில் வைத்த, வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சுக் கூடம் கல் கட்டடம். அதைக் கணப்பு மூட்டிச் சூடாக்கவும் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

கூடத்தைக் கட்டியவர் ழூல் அர்துவான் மான்சார். 1684 முதல் 1686 வரை வேலை நடந்தது. நடுக்கூடம் 150 மீட்டருக்கு மேல் நீளம், வளைவுக் கூரை 13 மீட்டர் உயரம். தனியாக எழுப்பிய கட்டடம் அல்ல இது, சரிவைக் குடைந்து மண்ணோடு ஒட்டிக் கட்டியது. கூரைக்கு மேல் அரண்மனையின் மலர்த்தளம், முதுகுப்பக்கம் மண். காற்று குளிர்கிற வேகத்தில் மண் குளிராது, வடகாற்றும் உள்ளே எட்டாது. நடுக்கூடத்தின் சன்னல்கள் தெற்கு நோக்கியவை. டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் உச்சிவேளைச் சூரியனே சுமார் 18 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்ந்த வெயில் உயரமான சன்னல் வழியே கூடத்தின் உட்புறம் வரை விழும். இரட்டைக் கண்ணாடி அந்தச் சூட்டை வெளியே விடாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் கிடைப்பது 5 முதல் 8 டிகிரி வெப்பம் மட்டுமே.

அது போதுமா என்று கேட்கலாம். போதும். சொல்லப்போனால் அதற்கு மேல் சூடேற்றினால்தான் கேடு. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்கள் 13 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும். உறங்கும் மரத்துக்கு வெளிச்சமும் குறைவாகப் போதும், தண்ணீரும் குறைவாகப் போதும். நெருப்பு மூட்டி அறையை 20 டிகிரிக்குக் கொண்டுபோனால் மரம் விழித்துத் துளிர்விடும். வெளிச்சம் பற்றாமல் துளிர் வெளிறி நீளும், மரம் சேர்த்துவைத்த சத்தெல்லாம் அதில் போய்விடும். இன்னொரு கோளாறும் உண்டு. இலையைச் சூடு உசுப்பிவிடும், பெட்டி மண்ணோ குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த வேரால் இலை கேட்கும் நீரைத் தர முடியாது. ஒரே வாரத்தில் பச்சை இலையாகவே கொட்டும். இதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றுபவர்கள் வேரை அழுகவைத்துவிடுவார்கள்.

அடுத்து அந்தப் பெட்டி. மே மாத நடுவில் மரங்களை வெளியே கொண்டுவந்து, அக்டோபர் நடுவில் உள்ளே ஏற்றுவார்கள். இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் அப்படிப் போய் வருகின்றன. சதுரப் பெட்டி, நான்கு மூலையிலும் கால். பக்கப் பலகைகளை இரும்புப் பட்டையும் கொக்கியும் பிடித்திருக்கும். கொக்கியை எடுத்தால் பலகை கதவு போலத் திறக்கும், உள்ளே சுற்றிச் சுற்றி ஓடிய வேர்ப்பின்னல் தெரியும். மரத்தைத் தூக்காமலே வெளிவேரைச் சீவி, பழைய மண்ணைச் சுரண்டி, புது மண்ணை இட்டு மூடிவிடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிச் செய்வதால்தான் அங்கே 200 வயது தாண்டிய மரங்களும் பெட்டியிலேயே நிற்கின்றன.

மன்னர் விரும்பியது பழத்தை அல்ல, பூவை. அங்கே பெரும்பாலும் இருந்தது கசப்பு ஆரஞ்சு, நம் நாரத்தைக்கு நெருங்கிய உறவு. பிற்காலத்தில் வேறு வாசனை எதுவும் ஒத்துக்கொள்ளாமல், ஆரஞ்சுப் பூவின் மணத்தை மட்டுமே லூயி தாங்கினார். அவர் அறைகளில் பருவம் பாராமல் பூ இருப்பதற்காகத் தோட்டக்காரர்கள் சில மரங்களுக்குத் தண்ணீரை நிறுத்தி, இலை உதிர்ந்தபின் எருவும் நீரும் தாராளமாகக் கொடுத்துப் பூக்கவைத்தார்கள். நாக்பூர் ஆரஞ்சு விவசாயிகள் ‘பஹார்’ (பூப்பருவம்) பிடிப்பதும் இதே முறைதான். அரண்மனைக்குள், சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பதித்த மண்டபத்தில் மரங்கள் வெள்ளித் தொட்டிகளில் நின்றன. போர்ச் செலவுக்காக 1689-இல் அந்த வெள்ளியெல்லாம் உருக்கப்பட்டது.

மாடியில் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேர்ச்சீவல் பொருந்தும். இரண்டு மூன்று ஆண்டில் தொட்டி வேரால் நிறைந்துவிடும். ஊற்றிய தண்ணீர் ஓரமாகவே இறங்கி அடியில் ஓடிவிடும், நடுமண் காய்ந்தே கிடக்கும். கோடை தணிந்தபின், கூரான கத்தியால் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வேரைச் சீவுங்கள். ஒரே ஆண்டில் நான்கு பக்கமும் வேண்டாம், எதிரெதிர் இரண்டு பக்கம் போதும், மற்றவை அடுத்த ஆண்டு. அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டு, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து இட்டு, குச்சியால் நன்றாகக் குத்தி இறுக்குங்கள். பழைய மண்ணுக்கும் புது மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டால் செய்த வேலை வீண். தண்ணீர் மறுபடி அந்த வழியாகவே ஓடும். வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் கவாத்து செய்யுங்கள். புதுத் துளிர் வரும்வரை ரசாயன உரம் கூடாது.

அடுத்த புதிருக்கு ஒரு யோசனை: ‘வெர்சாய் ஆரஞ்சு மரங்களில் பலவற்றுக்கு முதல் சொந்தக்காரர் யார்?’ லூயியின் நிதி அமைச்சர் நிக்கோலா ஃபூக்கே. 1661 ஆகஸ்ட் 17 அன்று தன் மாளிகையில் மன்னரே அசந்துபோகும்படி விருந்து வைத்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி கைதானார், திரும்ப வெளியே வரவே இல்லை. அவருடைய ஆரஞ்சு மரங்கள் வெர்சாய்க்குப் போயின. இன்னும் கடினமான கேள்வி வேண்டுமென்றால் ‘பெரிய கான்ஸ்டபிள்’ என்று பெயர் பெற்ற மரத்தைக் கேளுங்கள். 1421-இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் விதைத்ததாகச் சொல்லப்படும் அந்த மரம், பிரான்சின் படைத்தலைவராக (‘கான்ஸ்டபிள்’) இருந்து 1523-இல் துரோகியான புர்போன் கோமகனின் சொத்தோடு மன்னர் முதலாம் பிரான்சுவா கைக்கு வந்தது, பிறகு லூயி காலத்தில் வெர்சாய்க்கு வந்து சேர்ந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்,
பெரியகுளம்