எர்த்தை முதலில் பார், தம்பி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லோடு வண்டியின் ஹெட்லைட் சுவிட்ச் உருகிவிட்டதையும், ஃபிரிட்ஜைத் தொட்டால் அம்மாவுக்குச் சுருக்கென்று ஷாக் அடிப்பதையும், அதை நிறுத்தப் பிளக் பாயிண்ட்டில் எர்த்தையும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வயர்) நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) சேர்த்துக் கட்டிவிடலாம் என்று மாமா சொல்வதையும் எழுதியிருந்தாய். படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமாவிடம் மரியாதையாகச் சொல்லி அதை நிறுத்திவிடு. வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்துபோனால், ஃபிரிட்ஜுக்குள் போகும் 230 வோல்ட் அந்தக் கட்டின் வழியாகவே அதன் உடம்புக்கு வந்துவிடும். இப்போது சுருக்கென்று குத்துவது அப்போது உயிரையே எடுத்துவிடும்.

கனடாவில் குளிர் கடுமைதான், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை; ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கோட்டோடு படுப்பது பழகிவிட்டது. பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு, வண்டிகளின் அடிப்பாகத்தை அரித்துவிடுகிறது. யாரோடும் பேசாத கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமாகவே என் கதவைத் தட்டினார். டிரெய்லரின் பின்விளக்குகள் மங்கலாக எரிகின்றன, பிரேக்கை மிதித்தால் அதுவும் அணைந்துவிடுகிறது, பல்பு மாற்றியும் பயனில்லை என்றார்.

இங்கே டிரெய்லருக்கு நான்கு வயர்கள்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்க பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலப்பக்கத்துக்கு அதே வேலை. வண்டியில் எர்த் என்றால், மின்சாரம் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. வெள்ளை வயரைச் சட்டத்தில் முடுக்கிய இடம் முழுவதும் துருவாக இருந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், இரண்டுக்கும் எர்த் ஒன்று. அந்த எர்த் இல்லாதபோது, பின்விளக்கு இழையில் நுழைந்த மின்சாரம் பிரேக் இழைக்குள் புகுந்து, மஞ்சள், பச்சை வயர்கள் வழியாக முன்வண்டியின் பல்புகளுக்குப் போய், அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது, அதனால்தான் மங்கல். பிரேக்கை மிதித்ததும் இரண்டு இழைகளின் முனையிலும் 12 வோல்ட் வந்துவிடுவதால், மின்சாரம் போக வழியே இல்லாமல் எல்லாம் அணைந்துவிடுகிறது. துருவைச் சுரண்டி, வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) வைத்து முடுக்கினேன்; உடனே பளிச்சென்று எரிந்தது. அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருக்க, நீ டார்ச் பிடித்து நின்ற மாலைகள் அப்போது நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை. தமிழில் ஒரு வார்த்தை பேச இங்கே எவரும் இல்லை. சரி, அது போகட்டும்.

உன் ஹெட்லைட் விஷயத்துக்கு வருகிறேன். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதை அந்தச் சின்ன சுவிட்ச் தாங்காது. ஒரு ரிலே போடு; சுவிட்சிலிருந்து வரும் சின்ன மின்சாரத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைப்பது அதன் வேலை. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30 என்ற முனைக்கு, 87-லிருந்து விளக்குகளுக்கு, சுவிட்ச் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். அதற்கு முன்னால் வயர் சட்டத்தில் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. விளக்கின் எர்த்தைப் பெயின்ட்டின் மேல் முடுக்காதே.

வீட்டில் மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வை. நிறத்தை மட்டும் நம்பாதே: நம் வீட்டில் நியூட்ரலுக்கு இழுத்திருக்கும் கறுப்பு நிறம் இங்கே பேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர். ஃபிரிட்ஜ் பாயிண்ட்டின் பச்சை வயர் எர்த் குழி வரை அறுபடாமல் போகிறதா, குழியில் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா என்று பார். மெயின் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட வை. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுவிட்ச் எல்லாமே பேஸ் வயரில் இருக்கின்றனவா என்றும் அவரையே பார்க்கச் சொல்.

இதற்கான பணத்தைத் தனியாக அனுப்புகிறேன். ஓவர்டைம் குறைந்திருப்பதால் இந்த மாதம் சில நாள் தாமதமாகலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அக்காவுக்குக் கொடுக்க வேண்டியதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தானிடம் நீயே பேசிவிடு. வேலை முடியும் வரை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியே வைத்திருங்கள். முடிந்ததும் எழுது.

அன்புடன்,
அண்ணன்