உலை நின்ற பிறகு என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின் நிலையத்தில் ஓர் அலகு திடீரென நின்றால், மறுநாள் செய்தியில் இரண்டு தகவல்தான் இருக்கும்: எத்தனை மெகாவாட் இழப்பு, மீண்டும் எப்போது ஓடும். காரணம் என்ற இடத்தில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரே சொல். அதைப் படித்துப் பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

உலை நிற்பதில் தன்னளவில் ஆபத்து இல்லை. பல நிறுத்தங்களுக்குக் காரணம் உலைக்கு வெளியேதான் இருக்கும். டர்பைனைச் சுழற்றிய நீராவியைத் திரும்ப நீராக்கும் கண்டன்சரில் வெற்றிடம் குறையும், ஊட்டுநீர் பம்ப் நின்றுபோகும், ஜெனரேட்டர் ரிலே தப்பாக இயங்கிவிடும். 2013இல் ஸ்வீடனின் ஒஸ்கர்ஷாம்ன் நிலையத்தில் கடல்நீர் எடுக்கும் வழியை ஜெல்லிமீன்கள் அடைத்து, 1,400 மெகாவாட் உலையையே நிறுத்த வேண்டிவந்தது. அழுத்தம், வெப்பநிலை, நீர்மட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு சென்சார்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றில் இரண்டு, எல்லை மீறிவிட்டதாகச் சொன்னால் உலை தானாகவே நின்றுவிடும், அதாவது ட்ரிப் ஆகும். அழுத்தநீர் உலையில் அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களைப் பிடித்திருக்கும் மின்காந்தங்களுக்கு மின்சாரம் அறுபடும். இரண்டு மூன்று வினாடியில் கோல்கள் தம் எடையாலேயே உள்ளே விழுந்துவிடும். இதுவரை எல்லாம் வடிவமைத்தபடிதான்.

செய்தியாளர் கேட்க வேண்டியதெல்லாம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலை, நின்ற நொடியிலும் கிட்டத்தட்ட 200 மெகாவாட் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து சுமார் 40, ஒரு நாள் கழித்தும் பத்துக்கு மேல். அணு பிளந்தபின் மிஞ்சும் கதிரியக்கப் பொருள்கள் சிதைவதால் வரும் இந்த வெப்பத்தை அணைக்க எந்த ஸ்விட்சும் கிடையாது; தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நிலநடுக்கத்தின்போது ஒழுங்காகவே நின்றன. சுனாமி டீசல் ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்த பிறகுதான், குளிர்விக்க வழியின்றி அந்த உலைகளின் எரிபொருள் உருகியது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் முதல் அலகின் டர்பைன் பிளேடுகள் இரண்டு முறிந்தன. சுழலி சமநிலை இழந்து அதிர, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. உலையை உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருந்த மின்வழிகளின் கேபிள்கள், நடுவே போதிய தீத்தடுப்பு இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒரே தீயில் எல்லாம் போய், அந்த அலகு சுமார் 17 மணி நேரம் இருளில் கிடந்தது. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி, கையாலேயே வால்வைத் திறந்து, அணுப்பிளவு மீண்டும் தொடங்காமல் தடுக்கும் போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். டீசல் எஞ்சினில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் தண்ணீர்தான் ஸ்டீம் ஜெனரேட்டர்களுக்குப் போய் வெப்பத்தை இறக்கியது. மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு கேபிள்களும் ஒரே அறை வழியாகப் போகின்றனவா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

கருவி காட்டுவதை நம்புவதிலும் சிக்கல் உண்டு. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் ஊட்டுநீர் நின்று, உலை ட்ரிப் ஆகி, அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தது. திரும்ப மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. அந்த விளக்கு காட்டியது ‘மூடு’ என்ற மின்கட்டளை போனதை மட்டும்தான். வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டவே இல்லை. மூடிவிட்டது என்று நம்பியவர்கள், தானாக ஓடத் தொடங்கிய அவசர நீர்ப் பாய்ச்சலையும் குறைத்துவிட்டார்கள். அதே குழாயில் இருந்த தடுப்பு வால்வை யாரோ மூடச் சொன்னபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது.

மெதுவாக வளரும் கோளாறு இன்னும் மோசம், ஏனென்றால் அது உலையை நிறுத்துவதே இல்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி உலையில் 2002 மார்ச்சில் ஆய்வு செய்தபோது, உலைக்கலத்தின் மூடியில் சுமார் 6 அங்குல கனமுள்ள கார்பன் எஃகை, உலை நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் ஓரிடத்தில் முழுவதுமாகத் தின்றிருந்தது. உள்பக்கம் பூசியிருந்த துருப்பிடிக்காத எஃகு, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தகடு, அதுதான் 150 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கோல் நுழையும் குழாயில் விழுந்த விரிசல் வழியே கசிந்த நீரால் வந்த வினை. காரணம் தெரியாத கசிவுக்கு அங்கே எல்லை நிமிடத்துக்கு 1 காலன், அதாவது 3.8 லிட்டர். கசிவு அந்த எல்லையைத் தாண்டவே இல்லை! ஆனால் கதிரியக்கமானிகளின் வடிகட்டிகள் துரு நிறத் தூளால் அடிக்கடி அடைத்தன. வடிகட்டியை மாற்றினார்கள், துரு எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தேடவில்லை. உலை மீண்டும் ஓட இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே அடுத்த முறை செய்தி எழுதும்போது நிலையத்திடம் இவற்றையும் கேட்டு வெளியிடுங்கள்: எந்தச் சமிக்ஞையால் ட்ரிப் ஆனது, தானாக ஓட வேண்டிய பம்புகளும் டீசல்களும் அனைத்தும் ஓடினவா, அதே பாகம் முன்பு எத்தனை முறை பழுதானது, கசிவு போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா.

தாமதத்தைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். உலை நின்றபின், நியூட்ரான்களை விழுங்கி அணுப்பிளவைத் தடுக்கும் ஸெனான்-135 சேர்ந்து, சுமார் பத்து மணி நேரத்தில் உச்சம் தொடும். கனநீர் உலையை அரை மணி நேரம் போலத்துக்குள் மீண்டும் ஓட்டாவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை நாள் காத்திருக்க நேரும். அவசரத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். கோளாறின் காரணம் தெரியும் முன்பே மின் உற்பத்தி தொடங்கும் தேதியை அறிவித்தால், அந்தத் தேதியை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்