ஒப்பந்தப்புள்ளிக்கு முன் சில கணக்குகள்: வறண்ட நகரங்களின் குடிநீர் வழங்கல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

மழையை நம்ப முடியாத நகரத்திற்குக் குடிநீர் தேடும்போது, கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிநீராக்கும் பெரிய நிலையத்தைக் கடற்கரையில் அமைக்கும் திட்டமே பெரும்பாலும் முதலில் முன்வைக்கப்படுகிறது. அது வேண்டாம் என்பதல்ல என் வாதம். உள்ளூர் உவர்நீரையும் கழிவுநீரையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அதற்குச் செல்ல வேண்டும் என்பதே.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் (உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வால் வடிக்கும் முறை) அதைச் சவ்வின் வழியே செலுத்த 55 முதல் 70 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) வரை அழுத்தமும், ஒரு கிலோலிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரமும் தேவைப்படுகின்றன. நகரம் 400 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த நீரை மேலேற்ற மட்டும் கோட்பாட்டளவிலேயே இன்னொரு யூனிட்டுக்கு மேல் ஆகும். பம்பின் இழப்பும் குழாய் உராய்வும் தனி. நிலத்தடி உவர்நீரிலோ உப்பு பெரும்பாலும் லிட்டருக்கு 1 முதல் 10 கிராம்தான். அழுத்தமும் மின்செலவும் அதற்கேற்பக் குறைகின்றன.

அமெரிக்காவின் பாலை நகரமான எல் பாசோ 2007இல் திறந்த நிலையம் இத்தகைய உவர்நீரைக் குடிநீராக்குவது. நாளொன்றுக்கு 2.75 கோடி காலன் வழங்கும் திறனுடன் கட்டப்பட்ட அந்நிலையத்திற்காக உவர்நீர் இறைக்கப்படுவதால், அருகிலுள்ள நன்னீர்க் கிணறுகளுக்குள் உப்பு ஊடுருவுவதும் தடுக்கப்படுகிறது. ஆனால் உள்நாட்டு நிலையத்திற்கு உண்மையான சிக்கல், நன்னீரைப் பிரித்தபின் எஞ்சும் கழிவு உப்புநீர்தான். எல் பாசோ அதைக் குழாயில் தொலைவுக்குக் கொண்டுசென்று ஆழத்திலுள்ள பாறை அடுக்குக்குள் செலுத்துகிறது. அத்தகைய பாறையடுக்கோ, ஆவியாக்கும் குட்டைகளுக்குப் போதிய நிலமோ இல்லாத ஊரில் இத்திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும். உவர்நீர்ப் படுகையும் மழையால் நிரம்பாததாக இருந்தால் ஒருநாள் தீர்ந்துபோகும்.

நமீபியாவின் விண்ட்ஹூக், கடலுக்கு வெகுதொலைவில் 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், 1968 முதல் கழிவுநீரையே சுத்திகரித்துக் குடிநீரில் கலக்கிறது. முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அதை விலக்கிவிட்டுப் போடும் கணக்கு அரைகுறையானது.

வெப்பத்தால் ஆவியாக்கும் முறை, அனல்மின் நிலையத்தின் மிகுதி வெப்பம் பக்கத்திலேயே கிடைக்கும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் கடலே வழி என்றால், நீரெடுக்கும் இடத்தை ஓராண்டு முழுவதும் சோதியுங்கள். 0.45 மைக்ரான் அளவு நுண்துளைகளுள்ள வடிதாளில் 15 நிமிடம் நீரைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவாக அடைபடுகிறது என்று பார்க்கும் எளிய சோதனையே சவ்வுகளின் ஆயுளைப் பெருமளவு சொல்லிவிடும். பாசி பெருகும் பருவத்தில் பழுப்பேறும் அந்தத் தாளைக் காணாமல், தெளிந்த பருவத்து மாதிரியை மட்டும் வைத்து சவ்வுக்கு முன் நீரை வடிக்கும் முன்சுத்திகரிப்பை வடிவமைப்பது விபரீதம்.

ஒப்பந்தத்தையும் ஊன்றிப் படியுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்காக 2012இல் முடிக்கப்பட்ட நிலையத்திலிருந்து, மழை திரும்பிவிட்டதால், 2017 வரை நகருக்குத் தண்ணீர் பெறப்படவில்லை. நிலையான கட்டணம் மட்டும் ஆண்டுதோறும் செலுத்தப்பட்டது. எனவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒவ்வொரு வழிக்கும் கிலோலிட்டர் ஒன்றின் முழுச் செலவு, கழிவு உப்புநீர் போய்ச் சேரும் இடம், தண்ணீர் வாங்காத ஆண்டிலும் கட்ட வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் மக்கள் பார்வைக்கு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குடிநீர்க் கட்டணம் செலுத்தும் ஒரு குடிமகன்