48 மணி நேரத்துக்குப் பிறகு: லேசான தலைக்காயம் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் விபத்து சிகிச்சைப் பிரிவுகளில் இரவு பகலாகப் பணியாற்றும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. ஒருவர் ரத்தம் வழியக் கிடக்கும்போது பணத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்ற அந்த எண்ணத்துக்கு மனதார நன்றி சொல்கிறேன். அந்த 48 மணி நேரம் முடிந்த பின், ‘ஸ்கேன் நார்மல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் வேகமாகக் கூட்டுகிறவர் அவர்தான். பன்னிரண்டு சாமான் வாங்கியவருக்கும் தாளில் எழுதாமலே தொகை சொல்லிவிடுவார். ஒரு நாள் இரவு கடையை அடைத்துவிட்டு வரும்போது நாய் குறுக்கே ஓடியதில் மொபட்டிலிருந்து விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார். ஓரிரு நிமிடம் நினைவில்லை, ஒருமுறை வாந்தி எடுத்தார். 108 வண்டி வந்து அழைத்துச் சென்றது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை. சில மணி நேரம் கண்காணித்துவிட்டு, “தலை தப்பியது, ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போகலாம்” என்றார்கள். சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வலி மாத்திரையைத் தவிர எங்கள் கையில் எதுவும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதித் தரப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை கடைக்குப் போனபோது, சோப்புப் பெட்டியின் அட்டையில் அவர் எண்களை எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது எண்ணில் நின்றார், மறுபடி மேலிருந்து தொடங்கினார். அந்த நேரத்தில் ஒரு சிறுவன் நாணயத்தை நீட்டி, “அண்ணாச்சி, ஒரு ஷாம்பு பாக்கெட்” என்றான். அவ்வளவுதான், கூட்டிய தொகை போய்விட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டார். காத்திருந்த அம்மா, “நீங்களே தோராயமா சொல்லுங்க அண்ணாச்சி” என்றார். தோராயமாகச் சொல்வது அவருக்குப் பழக்கமே இல்லை.

டியூப் லைட் வெளிச்சம் தாங்கவில்லை, மிக்சி சத்தம் கேட்டால் எரிச்சல், இரவில் தூக்கம் இல்லை, மதியத்தில் எழுந்திருக்க முடியவில்லை. உறவினர்கள் சோம்பல் என்றார்கள். மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது, ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் ஒரு நாள், “கொஞ்சம் முயற்சி பண்ணினா என்ன?” என்று கேட்டுவிட்டேன். தெரியாமல் கேட்ட கேள்வி அது; இன்றும் உறுத்துகிறது.

‘லேசான’ என்பது மருத்துவத்தில் அளந்து சொல்லப்படும் சொல் என்று பின்னர்தான் அறிந்தேன். 1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் ஆகிய இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலில், கண் திறப்பதற்கும் பேசுவதற்கும் கை கால் அசைப்பதற்கும் மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை கூட்டுகிறார்கள். 13 முதல் 15 வரை பெற்று, அரை மணி நேரத்துக்கு மேல் நினைவிழக்காமலும், விபத்தை ஒட்டிய மறதி ஒரு நாளைத் தாண்டாமலும் இருந்தால் அது லேசான தலைக்காயம். உயிருக்கு ஆபத்து உண்டா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க அந்த அளவுகோல் பெரிதும் உதவுகிறது. ஆறு வாரம் கழித்து ஒருவர் கல்லாவில் உட்கார முடியுமா என்பதைச் சொல்ல அது வகுக்கப்படவில்லை. முதல் நாளுக்கு உரிய ஒரு சொல்லை, வீட்டார் நாங்கள் எல்லா நாளுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டோம்.

மூளை கெட்டித் தயிர் போல மெத்தென்று இருப்பது. தலை வேகமாகச் சுழன்று சட்டென்று நிற்கும்போது, மண்டை ஓடு நின்ற பிறகும் உள்ளே மூளை முறுக்கிக்கொண்டு நகர்கிறது. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை, அந்த முறுக்கலில் இழுபடுகின்றன. திருவிழாவில் விற்கும் ஜவ்வு மிட்டாய் மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். நரம்பிழையின் இயல்பும் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலான இழைகள் உடனே அறுந்துவிடுவதில்லை. அவற்றின் உள்கட்டுமானம் குலைகிறது, உப்புகள் இடம் மாறுகின்றன, அவற்றைச் சீராக்க மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கலாம். சி.டி. ஸ்கேன் எலும்பையும் ரத்தக்கசிவையும் காட்டும். இந்த இழைகளைக் காட்டாது. ஆகவே ‘நார்மல்’ என்ற சொல், தேடியது கிடைக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

தேடும் வழிகள் 1990களில் விரிந்தன. நரம்பிழைகள் வழியே நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை வைத்து அந்த இழைக்கட்டுகளின் நிலையை அறியும் எம்.ஆர்.ஐ. முறை ஒன்று. ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகளின் செயல்பாடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அவற்றுக்கு இடையிலான தொடர்பைக் கணிக்கும் முறை மற்றொன்று. நாம் சும்மா இருக்கும்போது ஓங்கி, ஒரு வேலையில் கவனம் வைத்ததும் தணிய வேண்டிய ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. தலைக்காயம் பட்டவர்கள் சிலரிடம் அந்த ஏற்றமும் தணிவும் தடுமாறுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சிறுவனின் குரல் கேட்டதும் கணக்கு நழுவிய அந்த மாலையை நினைத்தபடிதான் இதைப் படித்தேன்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, லேசான தலைக்காயம் பட்ட 108 பேரைப் பற்றியது. புலன்கள் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவற்றை வாங்கி மூளையின் மற்ற பகுதிகளுக்குப் பகிரும் தாலமஸ், காயத்துக்குப் பிந்தைய நாட்களில் மற்ற பகுதிகளோடு வழக்கத்தைவிட அதிகத் தொடர்பு காட்டியது என்றும், பிற்பாடு தொந்தரவுகள் நீடித்ததற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். தொடர்பு கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பறையில் பாடம் நடக்காது என்பதை ஆசிரியையாகிய நான் அறிவேன்.

இந்த வகை ஆய்வுகள் பலரை ஒன்றுசேர்த்துப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து, உங்கள் மறதிக்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. அதனால் விழுந்த ஒவ்வொருவருக்கும் விலை உயர்ந்த எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

பலர் சில வாரங்களில் சரியாகிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எத்தனை பேர் சரியாகவில்லை என்பதை நாம் குறைத்தே நினைத்திருக்கிறோம். அமெரிக்காவின் 11 விபத்து சிகிச்சை மையங்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், லேசான தலைக்காயம் பட்டவர்களில் 53 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு குறையைச் சொன்னார்கள். தலையில் அடிபடாமல் கை கால் எலும்பு முறிந்தவர்களில் அது 38 சதவீதம். விபத்தே ஒருவரை எவ்வளவு உலுக்குகிறது என்பதை 38 காட்டுகிறது. தலையில் பட்ட அடி அதற்கு மேல் என்ன செய்கிறது என்பதை இரண்டுக்கும் உள்ள இடைவெளி காட்டுகிறது.

என் கணவருக்கு ஒரு வழி திறந்தது கருவியால் அன்று. நான்காம் மாதத்தில் ஒரு நரம்பியல் உளவியலாளரிடம் போனோம். “நான் சொல்லும் எண்களைத் தலைகீழாகச் சொல்லுங்கள்” என்றார். 7, 4, 2 என்றதும் 2, 4, 7 என்றார் இவர். 3, 8, 1, 6 என்றபோது, “6, 1...” வரை வந்தார், பக்கத்து அறையில் தொலைபேசி அடித்தது, நிமிர்ந்து பார்த்து, “என்ன கேட்டீங்க?” என்றார். பத்து நிமிடச் சோதனைதான். “உங்க கணக்கு எங்கேயும் போகலை. போட்ட கணக்கைப் பிடிச்சு வைக்கிற இடம்தான் இப்போ சுருங்கியிருக்கு” என்றார் அந்த அம்மையார். என் கணவர் விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அழுதார். தன்மேல் தவறில்லை என்று ஒருவர் அவரிடம் சொன்னது அதுவே முதல்முறை.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிய மாநிலம் இது. உயிரைக் காக்கும் திறமைக்கு இங்கே குறைவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மறுவருகையைச் சீட்டிலேயே தேதியிட்டு எழுதி, அன்று இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்ய ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அமர்த்துங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்களின் வீட்டுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போதே, அண்மையில் தலையில் அடிபட்டதா, அதன் பிறகு வேலையில் தடுமாற்றம் உண்டா என்று இரண்டு கேள்வி கேட்கலாம்.

விபத்துப் பதிவேட்டு நகலைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதவருக்குச் ‘சாதாரணக் காயம்’ என்று முதல் நாளே சான்று எழுதிவிடுகிறார்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவோ, ஒருவர் 15 நாள் தம் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனால் அதைக் கொடுங்காயத்தில் சேர்க்கிறது. 15 நாளில் என்ன ஆகும் என்பதை முதல் நாளில் எப்படி எழுத முடியும்? மறுவருகைக்குப் பிறகு அந்தச் சான்றைத் திருத்த வழி இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தாலோ உடனே வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு இருட்டறையிலேயே படுத்திருக்க வேண்டாம், சிறிது சிறிதாக நடக்கலாம், வேலையைப் பகுதி பகுதியாகத் தொடங்கலாம் என்று இருக்கட்டும். மறதி, எரிச்சல், சத்தம் தாங்காமை, கணக்கில் தடுமாற்றம் ஆகியவை காயத்தின் தொடர்ச்சியாக இருக்கலாம் என்பதை வீட்டார் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

என் கணவர் இப்போது காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் கடையில் உட்காருகிறார். கால்குலேட்டர் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும்படி மகன் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறான், வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் முதல் வரியை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தால் இப்படி எழுதுவேன்: “ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வாருங்கள்.”

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரரின் மனைவி, கணக்கு ஆசிரியை