ஓஎஸ்ஸை அப்புறம் மாற்றலாம், மலர்

அன்பு மலருக்கு,

லேப்டாப்பை மொத்தமாக அழித்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடப் போகிறேன் என்றாயே, ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை அதில் கை வைக்காதே. லினக்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நம் கடையில் ஜெராக்ஸ் மிஷினை ஒட்டி இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடுவதே லினக்ஸ் மின்ட்தான், உனக்கே தெரியும். ஆனால் லினக்ஸ் லேசானது, அதைப் போட்டால் லேப்டாப் ஹேங் ஆகாது என்று உன் ஹாஸ்டல் தோழி சொல்கிற காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் யாராவது வில்லங்கச் சான்று பிரிண்ட் எடுக்க வந்து நிற்கிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. 4 ஜிபி ராம் (திறந்து வைத்திருப்பதெல்லாம் தங்குகிற தற்காலிக இடம்), உள்ளே சுழலுகிற ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் அந்த நாலிலும் ஒரு பங்கைத் திரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் விண்டோஸ் 10 எழுந்து உட்காருவதற்கே இரண்டு ஜிபி போலப் போய்விடும். நீ இன்னும் ஒன்றும் திறக்கவில்லை, அதற்குள் பாதி தீர்ந்தது. அப்புறம் பிரவுசர் வருகிறது. அதில் ஒவ்வொரு தளமும் தனித்தனி புரோக்ராம் மாதிரி ஓடும், ஒன்று செத்தாலும் மற்றது சாகக்கூடாது, ஒன்றில் இருப்பதை மற்றது எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கான விலையை ராமில் வாங்கிவிடும்.

ராம் நிறைந்ததும் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் ஹவுசிங் போர்டு வீட்டில் பொங்கலுக்கு ஆட்கள் வந்தால் கட்டிலையும் பெட்டியையும் மொட்டை மாடிக்கு ஏற்றுவோமே, அது மாதிரி. இடம் கிடைத்துவிடும். ஆனால் பெட்டியிலிருந்து ஒரு புடவை வேண்டும் என்றால் நாலு மாடி ஏறி இறங்க வேண்டும், லிப்ட் கிடையாது. விண்டோஸும் உடனே தேவைப்படாததை ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் பைல் என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கும். நீ அந்த டேபைத் திரும்பத் தொடும்போது எடுத்து வரும். சுழலும் டிஸ்க்கில் தட்டு சுற்றி, முள் அந்த இடத்துக்கு நகர்ந்து, துண்டு துண்டாகப் படித்து வருவதற்குள் மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்கிறது. "ஹேங் ஆகுது"ன்னு நீ அழுவது இதற்குத்தான்.

இதை நீயே பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். லேப்டாப் திணறும் நேரத்தில் மெமரி (ராம்தான் அது) 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் நான் சொன்னதுதான். மெமரி பாதிதான், ஆனால் டிஸ்க் மட்டும் 100 என்றால் ராமைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, டிஸ்க்கே தேய்ந்து வருகிறது என்று சந்தேகப்படு. அன்றைக்கே ஆய்வேட்டை பென் டிரைவில் ஒரு காப்பி, கூகுள் டிரைவில் ஒரு காப்பி போட்டுவிடு.

அதே இடத்தில் "கேஷ்டு" என்று ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்துப் பதறாதே. சும்மா கிடக்கிற ராமில் நீ அடிக்கடி திறக்கும் பைல்களை விண்டோஸ் தயாராக வைத்திருக்கும், வேறு எதற்காவது இடம் வேண்டும் என்றால் உடனே விட்டுக்கொடுக்கும். "அவைலபிள்" எவ்வளவு என்பது மட்டும்தான் உனக்குக் கணக்கு. ராம் கிளீனர், பூஸ்டர் என்று எதையாவது இறக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தூக்கு. அது செய்வதெல்லாம் ராமில் இருப்பதை வலுக்கட்டாயமாக டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, "ஒரு ஜிபி மிச்சம்" என்று பச்சை எழுத்தில் காட்டுவதுதான். அடுத்த நிமிஷமே நீ கேட்டது எல்லாம் திரும்ப வர வேண்டும், இன்னும் மெதுவாக.

உன்னிடம் முக்கியமான குற்றவாளி அந்த ஸ்கேன் பிடிஎஃப்கள்தான் என்று நினைக்கிறேன். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்துப் பத்திரிகைகளை முந்நூறு, நானூறு பக்கம் பிரவுசர் டேபிலேயே திறந்து வைத்திருக்கிறாய். ஸ்கேன் செய்த பக்கம் எழுத்து இல்லை, படம். டிஸ்க்கில் சுருக்கி வைத்த படத்தை திரையில் காட்ட விரித்தாக வேண்டும், விரித்தால் பல மடங்கு இடம். சுமத்ரா பிடிஎஃப் என்று ஒரு சின்ன மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் திற. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு போதும். (பெரிய தாத்தா அந்த மில்லில்தான் இருந்தார் என்று முன்னுரையில் போட்டாயா இல்லையா? போடு.)

பிரவுசர் செட்டிங்கில் மெமரி சேவரை ஆன் செய். மூடிய பிறகும் பின்னால் ஓட அனுமதிக்கும் வசதியை ஆஃப் செய். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போய், லேப்டாப் எழும்போதே கூட எழுந்து வருகிற கும்பலை டிசேபிள் செய். தெரியாத பெயர் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடு. அப்புறம், நீ தினமும் ஷட் டவுன் செய்கிறாயே, அதில் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்று தன் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்தில் ஓரிரு தடவை கொடு.

இத்தனையும் செய்தால் பிழைப்பு ஓடும். ஆனால் நிஜமான மாற்றம் வேண்டும் என்றால் காசு போட வேண்டிய இடம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டி. அதில் சுற்றுகிற தட்டும் முள்ளும் கிடையாது. ராம் நிறைந்து எதையாவது வெளியே வைத்தாலும் எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகாது. நம் பழைய டிடிபி கம்ப்யூட்டரில் மாற்றினபோது பார்த்தேன்: ராம் அதே 4 ஜிபி, விண்டோஸ் அதே விண்டோஸ், ஆனால் பட்டனை அமுக்கிவிட்டு டீ சொல்லப் போகிற பழக்கமே போய்விட்டது. உன் டிஸ்க்கில் இருப்பது 200 ஜிபிக்குள் என்றால் 240 ஜிபி போதும், இல்லையென்றால் 480 வாங்கலாம்.

ராமும் ஏற்றலாம். ஆனால் டிடிஆர் 3எல், டிடிஆர் 4 என்ற ராம் வகை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது, ராம் செருகும் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் ஆன்லைனில் ஆஃபர் என்று நீயாக எதையும் ஆர்டர் போடாதே.

இப்போது உன் தோழி பக்கம். மின்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு போட்டால் ஒன்றும் திறக்காத நிலையில் ஒரு ஜிபிக்குள் அடங்கும். உனக்கு ஒரு ஜிபி போல லாபம், 4 ஜிபி லேப்டாப்பில் அது சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ திறக்கப் போவது அதே பிரவுசர், அதே டேப்கள், அதே ஸ்கேன்கள். அவை லினக்ஸிலும் அதே இடத்தைத்தான் கேட்கும். டிஸ்க்கும் அதே பழைய டிஸ்க். உன் கைடு வேர்டில் சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிற அத்தியாயத்தை, வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் திறந்தால் திருத்தங்கள் தெரியும்தான், ஆனால் அடிக்குறிப்பும் அட்டவணையும் இடம் நகர்ந்தால் அவரிடம் யார் பதில் சொல்வது? பாமினியில் அடித்த பழைய பைல்களுக்கு அந்த எழுத்துருவைத் தனியாகப் போட வேண்டும். தமிழ் டைப் செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் விண்டோஸில் மட்டும்தான். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு, அதில் கவலை இல்லை, ஆனால் கை பழக ஒரு வாரம் போகும். சமர்ப்பிக்கும் நேரத்தில் அந்த ஒரு வாரம் உன்னிடம் இருக்கிறதா?

நான் ஜெராக்ஸ் கம்ப்யூட்டரை மாற்றியது வேகத்துக்காக இல்லை. ஊரில் இருக்கிற பென் டிரைவ் எல்லாம் அதில்தான் ஏறும், ஷார்ட்கட் வைரஸ் இல்லாத பென் டிரைவ் எங்கே வருகிறது? லினக்ஸில் அந்த வைரஸ் ஓடாது. ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கல்யாணப் பத்திரிகையும் இன்றைக்கும் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-ல்தான், அதனால் டிடிபி கம்ப்யூட்டர் விண்டோஸிலேயே இருக்கிறது. 2011-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு, சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் தெருவில் அதைத் திறந்து பார்த்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

உனக்கும் ஓஎஸ்ஸை மாற்றக் காரணம் இருக்கிறது, அது ராம் மட்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டினார்கள். விண்டோஸ் 11 உன் பிராசசரை ஏற்காது. குறுக்கு வழியில் போட்டாலும் 4 ஜிபியில் தவழும். ஆகவே ஆய்வேடு போன பிறகு மின்ட் போடுவோம், நானே போட்டுத் தருகிறேன். அதற்குமுன் பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற எதையும் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மாதக் கடைசியில் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறாய் இல்லையா, சார்ஜரோடு லேப்டாப்பை எடுத்து வா. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும். அதனால் நான் சனிக்கிழமையே மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷன் போய் எஸ்எஸ்டியும், பழைய டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி கேஸும் வாங்கி வைக்கிறேன். பழையதை அப்படியே குளோன் செய்துவிடலாம், உன் பைல், செட்டிங் எதுவும் போகாது. பழைய டிஸ்க் பேக்கப்புக்கு ஆச்சு.

அதற்குமுன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் போய், மெமரி பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ஸ்லாட் எத்தனை, எத்தனை காலி என்று அதில் இருக்கும். டிஸ்க்கில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புடி, அப்போதுதான் 240-ஆ 480-ஆ என்று நான் முடிவு செய்ய முடியும்.

அம்மா
தண்டையார்பேட்டை