ஐந்து பேர், ஒரு மார்கரீட்டா

சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் வாய்க்கால் கரை வரை தாமாகவே நடந்துபோய் வருகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். தேக்காவில் புரோட்டா சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இப்போது மாதம் தவறாமல் பீட்சாக் கடைகளைத் தேடிப் போகிறீர்களாமே, அது என்ன கதை என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொவிட்-19 காலத்தில் இங்கே உணவகத்தில் ஒரு மேசைக்கு ஐந்து பேர், எட்டுப் பேர், சில வாரங்களில் இரண்டே பேர் என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது உனக்கு நினைவிருக்கும். 2022 ஏப்ரல் 26ஆம் தேதி அந்த வரம்பு நீங்கியது. அந்த வாரச் சனிக்கிழமையே வாத்தியார் எல்லாரையும் அழைத்துவிட்டார். உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் நம்மோடு உட்கார்ந்து படித்தவர்களில் இன்றும் தொடர்பில் இருப்பவர்கள் வாத்தியார், பாய், நெட்டை, ஒரு வகுப்பு மேலே படித்த நம் அக்கா, நான் ஆகிய ஐவர்தாம். அதற்கு முன் பல ஆண்டுகளாக நல்லது கெட்டதுக்கு மட்டுமே சந்தித்துக்கொண்டிருந்தோம். திருமண வீட்டில் வரிசையில் நின்று இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான். அன்று சிக்லாப்பில் வாத்தியார் வீட்டருகே திறந்திருந்த ஒரு சிறிய இத்தாலியக் கடைக்குள் நுழைந்தோம். வட்டமாக வந்ததைப் பிய்த்துப் பகிர்ந்து சாப்பிட்டபோது, ஆளுக்கொரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவதைவிடப் பேச்சு எளிதாக வந்தது. அடுத்த மாதம் வேறு கடை, அதற்கடுத்த மாதம் இன்னொன்று என்று தொடர்ந்து, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எங்களுக்குப் பீட்சா நாளாகிவிட்டது. இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளைப் பார்த்திருக்கிறோம்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதிதான் உண்டு. எந்தக் கடையானாலும் முதலில் ஒரு மார்கரீட்டா வரவழைக்க வேண்டும். தக்காளி, பாலாடைக்கட்டி, துளசி இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது என்பதால் குறையை ஒளிக்க இடமில்லை. இட்லியும் சட்னியும் சரியாக வராத கடையில் மற்ற பலகாரங்களை நம்பி உட்கார மாட்டோம் அல்லவா, அதே நியாயம்தான். 1889இல் ராணி மார்கரீட்டா நேப்பிள்ஸ் நகருக்கு வந்தபோது ரஃபாயேலே எஸ்போசித்தோ என்பவர் செய்து கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்ற கதையை எல்லாக் கடைகளிலும் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்களில் சிலர் அதை ஏற்பதில்லை. கதை எப்படியிருந்தாலும், நேப்பிள்ஸ்காரர்கள் இதில் காட்டும் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 1984இல் அங்கே தொடங்கப்பட்ட பீட்சாச் சங்கம் ஒன்று மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் சேரக் கூடாது, உருட்டுக்கட்டை படக் கூடாது, கையால்தான் விரிக்க வேண்டும், குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வெளியே வர வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. பீட்சா செய்யும் அந்தக் கைத்திறன் 2017இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் அதே பட்டியலில் 2020இல் இடம்பெற்றது. இதை வாத்தியார் முதன்முதலில் சொன்னபோது அந்த மேசையில் எங்கள் எல்லாருக்கும் பெருமையாக இருந்தது.

தஞ்சோங் பகார் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், அடுப்பின் எதிரிலேயே உயரமான நாற்காலிகள் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அந்தச் சமையற்காரரின் கைகளை ஒரு மணி நேரம் பார்த்தேன். உருண்டையை எடுத்து மாவில் புரட்டுகிறார். விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே போகிறார். ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை மட்டும் தொடுவதே இல்லை. மாவுக்குள் இருக்கும் காற்றெல்லாம் அந்த ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அடுப்பில் அதுதான் உப்பி விளிம்பாகிறது. பிறகு ஒரு கையில் தொங்கவிட்டு மறு கையில் அறைந்து திருப்புகிறார். நம் புரோட்டாக் கடைக்காரர் மாவை வீசும் வேகத்தையே அதில் கண்டேன். அடுப்பின் உட்சூடு 400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். நீண்ட காம்புள்ள சிறிய வட்டத் துடுப்பால் பீட்சாவை ஒருமுறை தூக்கி, கால் வட்டம் திருப்பி வைத்தார். இருபது விநாடியில் இன்னொரு திருப்பு. அவ்வளவுதான், தட்டுக்கு வந்துவிட்டது. விளிம்பில் சிறுத்தையின் தோலில் இருப்பதுபோல் கருப்புப் புள்ளிகள். கருகிவிட்டதே என்று நெட்டை அதைச் சுரண்டப் போனார். பாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் புள்ளிகளின் இலேசான கசப்புதான் தக்காளியின் இனிப்பை எடுத்துக் காட்டுகிறது என்பது எனக்கு அன்று விளங்கியது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் சுத்த சைவம் என்பது உனக்குத் தெரியும். ஓராண்டு வரை சீஸ் பீட்சாவை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், பார்மிஜானோ போன்ற இத்தாலியக் கெட்டிப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது என்பதை எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார்கள். மார்கரீட்டாவின் மேலே தூவுவதும் பல கடைகளில் அந்த வகைதான். இவ்வளவு நாளும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டேனே என்று அவர்கள் வருந்தியதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. இந்த வழக்கத்தையே நிறுத்திவிடலாம் என்றுகூட வாத்தியார் சொன்னார். அக்கா ஒப்பவில்லை. அதன்பிறகு நான் தேடிக் கண்டுபிடித்ததுதான் மரினாரா. தக்காளி, பூண்டு, ஓரெகானோ, ஆலிவ் எண்ணெய் இவை மட்டுமே, பாலாடைக்கட்டி கிடையாது. பெயருக்குக் கடலோடிகளுடையது என்று பொருள் என்பதால் மீனோ இறாலோ இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கடையில் பரிமாறிய பிள்ளையே அப்படித்தான் சொல்லி அக்காவைப் பயமுறுத்திவிட்டது. சமையலறையில் போய்க் கேட்டுவரச் சொன்ன பிறகு சரியானது. இப்போது எங்கள் மேசைக்கு மார்கரீட்டாவோடு ஒரு மரினாராவும் வருகிறது. உண்மையைச் சொன்னால், தக்காளியின் தரத்தை அறிய மரினாராதான் சிறந்தது. பூண்டை மெல்லிய வில்லைகளாகச் சீவி, எண்ணெய் பட்டு ஓரம் பொன்னிறமாகியிருக்கும்போது அந்த வாசனைக்கு ஈடில்லை. அக்காவால் நாங்கள் கற்றுக்கொண்டது இது.

பாய்க்காக ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் ஹலால் கடைக்குப் போகிறோம். முன்பு அது துரித உணவுக் கடை என்றே ஆகும். இப்போது கம்போங் கிளாம் வட்டாரத்திலேயே நல்ல அடுப்பு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மற்ற மாதங்களிலும் அவர் வருகிறார், எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அது எனக்கு உறுத்தலாகவே இருப்பதால், அடுத்த ஆண்டு முழுவதும் ஹலால் கடைகளாகவே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாக் கடைகளும் நன்றாக இருந்தன என்று எண்ணிவிடாதே. நகரின் நடுவே பேர்பெற்ற ஓர் உணவகத்தில், இரண்டு வாரம் காத்திருந்து இடம் பிடித்துப் போனோம். எருமைப் பால் மொசரெல்லா என்று கூடுதல் விலை வாங்கினார்கள். அந்த வகையில் நீர் அதிகம். சில மணி நேரம் வடிய வைத்த பிறகே மாவின்மேல் போட வேண்டும். அவர்கள் வடிக்கவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு குளம் தேங்கி, மாவு ஊறிப்போய்த் துண்டைத் தூக்கியதும் எல்லாம் தட்டிலேயே வழிந்துவிட்டது. ஒரு பீட்சா 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பட்டியலில் இருந்தாலும், அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 28 வெள்ளி 78 காசு ஆகிறது. காசு போனதைவிட, மாதத்தில் கிடைக்கும் அந்த ஒரே சனிக்கிழமை இப்படிப் போனதுதான் வருத்தமாக இருந்தது. இன்னொரு செய்தியும் சொல்கிறேன்: பெரிய அளவு விற்கும் கடைகளில் 12 அங்குலத்தில் இரண்டு வாங்குவதைவிட 18 அங்குலத்தில் ஒன்று வாங்கினால் பரப்பு கூடுதல். வாத்தியார் துடைப்புத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 226 சதுர அங்குலத்துக்கு எதிராக 254.

வீட்டிலும் செய்து பார்த்தேன். நம் ஊர் வெக்கையில் மாவு என்ன பாடு படும் என்பதை இட்லி மாவு அரைத்த கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் வெளியே வைத்த மாவு விடியும் முன் பொங்கிப் புளித்துச் சரிந்துவிட்டது. ஈஸ்ட்டை ஒரு சிட்டிகையாகக் குறைத்து, ஒருநாள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகுதான் பதம் வந்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு அடுப்பு 250 டிகிரியைத் தாண்டாது; அதில் ஏழெட்டு நிமிடம் கிடக்கும் மாவு ஈரமெல்லாம் போய் பிஸ்கட்போல் ஆகிவிடுகிறது. ஆகவே அம்மா கொடுத்த பழைய இரும்புத் தோசைக்கல்லைப் புகைய வரும்வரை காய வைத்து, அதன்மேல் மாவை விரித்து, அடி வெந்ததும் அப்படியே கல்லோடு மின்னடுப்பின் மேல் தணலுக்குக் கீழே தள்ளினேன். மூன்று நிமிடத்தில் விளிம்பு உப்பிப் புள்ளியிட்டது. நீயும் செய்து பார்க்கலாம். திருச்சியில் நல்ல தோசைக்கல்லுக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவு கடைகள் பார்த்த பிறகு என் முடிவு ஒன்றுதான்: பீட்சா, வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடும் பண்டம் அன்று. பெட்டிக்குள் மூடியதும் அதன் ஆவியே அதைக் கெடுக்கிறது. பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய் ரப்பர்போல் ஆகிவிடுகிறது. இருபது ஆண்டுகளாக அந்த அட்டைப்பெட்டியில் வந்ததைத்தான் பீட்சா என்று நினைத்திருந்தோம். அடுப்பிலிருந்து வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் எல்லாரும் நேரத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை. அப்படி ஒரு மாலையில், இரண்டாவது பீட்சாவுக்குக் காத்திருந்தபோதுதான், ஆட்குறைப்பில் தம் வேலை போய் மூன்று மாதமாகிறது, வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை என்று நெட்டை சொன்னார். வாட்ஸ்அப் குழுவில் அந்த மூன்று மாதமும் அவர் தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பீட்சா வந்தது; யாரும் தொடவில்லை. பிறகு அக்காதான் ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடு, வீட்டுக்கு நானும் கூட வருகிறேன் என்றார்கள். சொன்னபடியே போனார்கள். இப்போது நெட்டைக்கு ஒரு தளவாட நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் முன்பைவிடக் குறைவுதான், ஆனால் முகம் தெளிந்திருக்கிறது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பயணச் சீட்டு எடுக்கும்போது ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமையையும் உள்ளடக்கி எடு. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை 2024 ஜூன் முதல் சிக்லாப் வரை வந்துவிட்டதால், நீ எங்கே தங்கினாலும் போக்குவரத்துக்குத் தொல்லை இருக்காது. நாங்கள் முதலில் போன அந்தச் சிறிய கடை இன்னும் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் என்றால் இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்க்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். தேதி உறுதியானதும் எழுது. ஆறு பேர் என்று பதிவு செய்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்