கபடிக் குழுச் செயலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்: முதல் நாளே 200 பஸ்கி வேண்டாம்

வணக்கம்.

பொங்கல் ஆட்டங்களுக்குப் பையன்களைக் கூட்டும் நேரம். மாதக்கணக்கில் களம் இறங்காதவர்களை முதல் நாளே மூச்சுமுட்ட ஓடவிட்டு, தாமதமாக வந்தவனுக்கு 200 பஸ்கி தண்டனை தருவது பல குழுக்களில் வழக்கம். ஆளை வடிகட்டுகிறார்களாம்!

பழக்கம் விட்டுப்போன தொடை அத்தனை பஸ்கியைத் தாங்காது. தசை சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஓரிரு நாளில் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதை உடம்புவலி என்று விட்டுவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கங்கள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு வாரமோ அதற்கு மேலோ சும்மா இருந்துவிட்டு வருபவருக்கு ஓட்டப் பயிற்சியை முதல் வாரம் பாதியாவது குறைக்க வேண்டும், இரண்டாம் வாரம் 30 சதவீதம். வழக்கமாக 20 ஷட்டில் ஓட்டம் (இரு கோடுகளுக்கு இடையே போய்த் திரும்பும் ஓட்டம்) என்றால் முதல் வாரம் 10, அடுத்த வாரம் 14. ஓய்வும் முக்கியம்: முதல் வாரம் ஓடிய நேரத்தைப்போல் நான்கு மடங்கு, அடுத்த வாரம் மூன்று மடங்கு. 30 நொடி ரெய்டு பயிற்சிக்கு முதல் வாரம் 2 நிமிடம் நிற்க வேண்டும். பார்க்கச் சோம்பலாகத்தான் தெரியும், பரவாயில்லை.

பிடிபட்ட ரெய்டர் காலை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாயும்போது பின்தொடை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. அதற்கு நார்டிக் பயிற்சி கொடுங்கள். கபடி விரிப்பில் முழங்காலிட்டு, கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய்ந்து கடைசியில் கையை ஊன்ற வேண்டும். இடுப்பை மடக்கினால் பின்தொடைக்கு வேலை போகாது. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 செட். தசை நன்றாக வலிக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம்.

வெயிலில் ஒருவன் தடுமாறி உளறினால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்குங்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே இருக்கட்டும். உடம்பு குளிர்ந்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

ஃபிட்னஸ் மாஸ்டர் என்று ஆள் எடுக்கும்போது அவர் வாங்கிய பதக்கங்களோடு முதல் இரண்டு வாரத் திட்டத்தையும் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.